இன்னொருத்தியின் ரொட்டி

ஹவுகிலா
2 அக்டோபர் 1983

தவுனோ,

நேற்று போனில் நீ "ம்" என்றாய். பிறகு "ம்ம்" என்றாய். கடைசியில் "சரி" என்று வைத்துவிட்டாய். கட்டின புருஷன் எப்படி இருக்கிறான் என்பதை ஒரு "ம்"மிலிருந்து கண்டுபிடிக்கிற வித்தை எனக்குத் தெரியாது. அதனால் இனி போன் வேண்டாம், எழுது. பேனாவைப் பிடித்தால் வாக்கியத்தையாவது முடிப்பாய்.

நீ போனதிலிருந்து ஊருக்கெல்லாம் நான்தான் பேச்சு. வெள்ளிக்கிழமை கடைக்கு ரொட்டி கொண்டுபோனேன். கடைக்காரர் மனைவி மார்த்தா தட்டைக் கையில் வாங்கிக்கொண்டே கேட்கிறாள்: "என்ன கெர்த்து, ஊரே உன் ரை ரொட்டிக்கு வரிசையில நிக்குது, கட்டின புருஷன் மட்டும் அது ஒத்துக்கலன்னு ஓடிட்டானாமே?" சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். வீட்டுக்கு வந்து அடுப்புக் கதவை ஓங்கிச் சாத்தியதில் கைப்பிடி கழன்றுவிட்டது.

நான் ஒன்றும் கல்நெஞ்சக்காரி இல்லை. டாக்டர் சொன்னதை நானும் பக்கத்தில் உட்கார்ந்துதானே கேட்டேன். தோலுக்கு நீ போடும் மாத்திரை உன் ரத்தத்தைச் சிதைக்கிறது, உதடு நீலம் பூக்கிறது, நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. மாத்திரையைக் குறைத்தால் தோலில் கொப்புளம் கிளம்பும். கிளம்பாமல் இருக்க ரை, கோதுமை, பார்லி மூன்றையும் விட வேண்டும், அவற்றில் இருக்கும் குளூட்டன்தான் உனக்குப் பகை என்றார். எனக்குப் புரிந்தது. அதோடு நிறுத்தினாரா? "வீட்டில் இப்படி மாவு பறந்தால்..." என்று இழுத்து என்னைப் பார்த்தார். பத்து வருஷமாக உனக்கு நான் விஷம் வைத்தது போல ஒரு பார்வை.

அதனால்தான் அன்று வந்ததும் வராததுமாக ஒரு ரொட்டியை எடுத்து உன் முன்னால் வைத்தேன். நீ தொடவில்லை. அது காய்ந்து கல்லாகும்வரை அங்கேயே வைத்திருந்தேன். நீ பெட்டியை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாய்.

உதடு இன்னும் நீலமாக இருக்கிறதா? முதுகுக்கு உன் கை எட்டாது. அங்கே களிம்பு தடவுவது யார் என்றும் எழுது.

கெர்த்து

தம்பெரே
12 அக்டோபர் 1983

கெர்த்து,

இங்கே மழை. தெற்கத்திக் காற்று.

கம்பெனியின் மரக்கிடங்கு வாசலில் வேலை. மரம் தூக்க வேண்டியதில்லை. லாரி வந்தால் தடுப்புக் கம்பியைத் தூக்கினால் போதும். மூச்சு வாங்கவில்லை.

உதடு காலையில் கொஞ்சம் நீலம். மாலையில் இல்லை. டாக்டர் மாத்திரையைப் பாதியாக்கினார். அடிக்கடி ரத்தம் எடுத்துப் பார்க்கிறார்கள். சாப்பாட்டை மாற்றினாலும் தோல் உடனே ஆறாது, மாதக்கணக்கில் ஆகும், வருஷம்கூட ஆகலாம் என்கிறார்.

அறை கிடைத்தது டாக்டர் சொல்லித்தான். வீட்டுக்காரி விதவை. பெயர் திருமதி ஹக்கானென். அவருடைய மகளுக்கும் குளூட்டன் ஆகாது, அவளுக்கு வயிற்றில். அதனால் அந்த வீட்டுக்குள் ரை ரொட்டி நுழைந்து பதினைந்து வருஷம் ஆகிறதாம். சோள மாவிலும் உருளைக்கிழங்கு மாவிலும் ரொட்டி சுடுகிறார். சாப்பிட முடிகிறது.

முதல் நாள் உள்ளே நுழைந்ததும் என் கோட்டை வாங்கினார். மாட்டுவதற்கு முன் முகத்தருகே கொண்டுபோய் முகர்ந்தார். "ரை வாசனை அடிக்குது," என்றார். கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பிறகு கோட்டைப் பால்கனியில் போட்டார்.

மரக்கரண்டியில் துணி சுற்றி முதுகுக்கு நானே தடவிக்கொள்கிறேன்.

தவுனோ

ஹவுகிலா
20 அக்டோபர் 1983

தவுனோ,

கோட்டை முகர்ந்தாளா?

இதை எழுதிவிட்டு எழுந்துபோய் விறகு வெட்டினேன். இப்போது மறுபடி உட்கார்ந்திருக்கிறேன். அந்தக் கோட்டை நான்தான் வாங்கிக் கொடுத்தேன், நான்தான் பட்டன் தைத்தேன், அதில் அடிக்கிற வாசனை என் அடுப்பின் வாசனை. முன்பின் தெரியாத ஒருத்தி அதில் மூக்கை வைத்துக்கொண்டு "கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்" என்று நீ மழை பெய்ததை எழுதுவது போல எழுதுகிறாய். உனக்கு ஒன்றுமே தோன்றவில்லையா?

அவளுக்கு என்ன வயசு? ஆள் எப்படி? "விதவை" என்று எழுதினால் தலைநரைத்த விதவையா, இல்லை உதட்டுச்சாயம் பூசுகிற விதவையா என்று எனக்கு எப்படித் தெரியும்? சனிக்கிழமை சவுனாவில் நீராவிக் குளியலுக்கு யாரோடு போகிறாய்?

"சாப்பிட முடிகிறது" என்கிறாய். இதே வார்த்தையை என் ரொட்டிக்கும் கல்யாணமான புதிதில் சொன்னாய். பாராட்டு என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆறு மாசம் ஆனது. அதனால்தான் வயிறு எரிகிறது.

நானும் உருளைக்கிழங்கு மாவில் சுட்டுப் பார்த்தேன். கூரைக்கு ஓடு போட்டிருக்கலாம். நாய்க்கு வைத்தேன். முகர்ந்து பார்த்துவிட்டு, என்னிடம் ஏதோ குற்றம் கண்டது போல நகர்ந்து போய்ப் படுத்துக்கொண்டது.

கிறிஸ்துமஸுக்கு வா. அந்த வாரம் முழுக்க ரொட்டி சுடமாட்டேன். சமையலறையை உத்தரம்வரை துடைத்து வைக்கிறேன்.

கெர்த்து

தம்பெரே
6 நவம்பர் 1983

கெர்த்து,

முதல் பனி. நிற்கவில்லை, கரைந்துவிட்டது.

வயசு கேட்கவில்லை. நம் வயசு இருக்கும். தலை நரைத்திருக்கிறது. உதட்டுச்சாயம் ஞாயிற்றுக்கிழமை மட்டும்.

சவுனாவில் ஆண்கள் முறை ஆறு மணிக்கு. சூட்டில் அரிப்பு அதிகமாகிறது. சீக்கிரம் வந்துவிடுகிறேன்.

கிறிஸ்துமஸுக்கு வருகிறேன்.

தவுனோ

தம்பெரே
4 ஜனவரி 1984

கெர்த்து,

கடுங்குளிர். கிடங்கில் பூட்டு உறைந்துவிட்டது.

நல்லபடி வந்து சேர்ந்தேன். பஸ்ஸில் கூட்டமில்லை. பண்டிகைக்கு மறுநாள் யாரும் நகரத்துக்குத் திரும்புவதில்லை.

ரொட்டியை நான் கொண்டுவந்தது உன்னை அவமானப்படுத்த இல்லை. எனக்குச் சாப்பிட ஏதாவது வேண்டும் என்றுதான் கட்டிக் கொடுத்தார்கள். பையிலிருந்து எடுத்து மேஜையில் வைத்திருக்கக் கூடாது. அது புரிகிறது. நீ அதைக் கோழிக்குப் போட்டிருக்க வேண்டாம்.

திரும்பி வந்ததும் "ரொட்டி போதுமா இருந்துச்சா?" என்று சில்வி கேட்டாள். போதும் என்று சொன்னேன். பொய்தான்.

முழங்கையிலும் முட்டியிலும் மறுபடி கொப்புளம்.

தவுனோ

ஹவுகிலா
11 ஜனவரி 1984

தவுனோ,

முதல் கடிதத்தில் வீட்டுக்காரி. பிறகு திருமதி ஹக்கானென், முகர்ந்தார், போட்டார். இப்போது சில்வி. கேட்டாள். அந்த "ஆர்" எங்கே போனது? அந்த "ஆள்" எப்போது வந்தது?

ஆக, அவளும் நீயும் ஒருவரை ஒருவர் "நீ" என்று கூப்பிடும் அளவுக்கு வந்துவிட்டீர்கள். கை குலுக்கித்தானே "நீ"க்கு வந்திருப்பீர்கள். எந்த நாளில்? முதலில் கேட்டது யார்? முறைப்படி பெண்தான் கேட்க வேண்டும். கேட்டாளா?

என்னோடு "நீங்க"விலிருந்து "நீ"க்கு வர உனக்கு ஒரு கோடை முழுக்க வேண்டியிருந்தது. ஏரிக்கரை நடன மேடையில் வாராவாரம் வந்து "நீங்க ஆடுவீங்களா?" என்று தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாய். என் அக்கா சிரித்துச் சிரித்து விழுந்தாள். ஆகஸ்டில் நான்தான் பொறுமையிழந்து, "இனிமே நீன்னே கூப்பிடு, கால் வலிக்குது," என்றேன். அந்த ஒரு சொல்லுக்கு நான் அவ்வளவு காத்திருந்தேன். அவளுக்குச் சோள ரொட்டியோடு சும்மா கிடைத்துவிட்டது.

கோழிக்குப் போட்டதற்கு வருத்தப்படுகிறேனா என்றால், இல்லை. என் மேஜை, என் அடுப்பு, கிறிஸ்துமஸ் மெழுகுவர்த்தி, அதற்கு நடுவில் இன்னொருத்தியின் ரொட்டி. நீ அதைத் துண்டு போட்டு, வெண்ணெய் தடவி, கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டாய். கண்ணை ஏன் மூடினாய்? நான் அதைத்தான் தாங்கவில்லை. கோழிகள் ஆசையாகத் தின்றன என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்த வாரம் முழுக்க அவற்றோடும் நான் பேசவில்லை.

கெர்த்து

தம்பெரே
2 பிப்ரவரி 1984

கெர்த்து,

பனி முட்டியளவு.

அவள்தான் கேட்டாள். புத்தாண்டன்று, ஞாயிறு, சாப்பாட்டு மேஜையில். "ஒரே மேஜையில சாப்பிட்டுக்கிட்டு இன்னும் என்ன நீங்க நீங்கன்னு," என்றாள். மகளும் இருந்தாள். சில்வி காய்ச்சிய கல்யா இருந்தது. சாராயம் இல்லை, நம் வீட்டில் சாப்பாட்டோடு குடிப்போமே, அதே வீட்டுக் கல்யாதான். குவளையை இடித்துக்கொண்டோம். கை குலுக்கினோம். அவ்வளவுதான்.

கண்ணை மூடியது உதிர்ந்து கண்ணில் பட்டதால். அந்த ரொட்டி ரொம்ப உதிரும்.

வேறு செய்தி. ரத்தம் தேறியிருக்கிறது. உதடு சாதாரணமாக இருக்கிறது. ஆனால் தோல் கேட்கவில்லை. மாத்திரையைக் குறைத்த இடத்திலிருந்து இன்னும் குறைக்க முடியவில்லை. குறைத்தால் இரண்டு நாளில் நெருப்புப் பட்டது போல எரிகிறது. சட்டையில் ரத்தக்கறை. டாக்டருக்குப் புரியவில்லை. "ஏமாத்துறீங்களா? ஒளிச்சு வச்சு ரொட்டி திங்கிறீங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். ஏப்ரல்வரை பார்ப்பார். ஆறவில்லை என்றால் மாத்திரையைப் பழைய அளவுக்குக் கூட்டுவதா என்று யோசிக்க வேண்டும். கூட்டினால் ரத்தம் மறுபடி இறங்கும். இந்தத் தடவை இருதயமும் தாங்காமல் போகலாம் என்றார்.

எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன். எழுதச் சொன்னாய்.

தவுனோ

ஹவுகிலா
9 பிப்ரவரி 1984

தவுனோ,

பயமாக இருக்கிறது. அதை முதலில் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் அடுத்து எழுதப்போவதைப் படித்தால் எனக்கு உன்மேல் கோபம் மட்டும்தான் என்று நினைப்பாய்.

என் வீட்டில் மாவு பறந்தது, அதனால் ஆறவில்லை, சரி. அவள் வீட்டில் மாவே இல்லை, அந்தப் புண்ணியவதி பதினைந்து வருஷமாக ரையை வாசலில் நிறுத்தியிருக்கிறாள். அங்கேயும் ஏன் ஆறவில்லை? உள்ளுக்குள் எனக்கு ஒரு பக்கம் சந்தோஷமாக இருந்தது என்றால் நீ என்னை என்ன நினைப்பாய்? அவளாலும் முடியவில்லை என்று ஒரு சந்தோஷம். உடனே உன் சட்டையில் இருக்கும் கறை கண்ணில் வந்தது. வெட்கமாகப் போய்விட்டது.

இருந்தாலும் கேட்கிறேன். அவள் உனக்கு என்னதான் போடுகிறாள்? "சாப்பாடு" என்று ஒரே வார்த்தையில் எழுதாதே. ஒரு நாளை எடுத்துக்கொண்டு காலையிலிருந்து எழுது. தட்டில் என்ன, தட்டுக்குப் பக்கத்தில் என்ன, அவள் எந்தப் பக்கம் உட்காருகிறாள், பரிமாறுவது அவளா நீயே எடுத்துக்கொள்வதா, எல்லாம். ஒன்றுவிடாமல் வேண்டும். அது இல்லாமல் நான் மனசுக்குள் கற்பனை செய்து பார்ப்பது நிஜத்தைவிட மோசமாக இருக்கிறது.

இன்னொன்று. நேராகவே கேட்கிறேன். என் ரொட்டியை நீ இத்தனை வருஷம் விரும்பித்தான் சாப்பிட்டாயா, இல்லை வேறு வழியில்லாமலா? நீ திரும்பி வருவாயா?

கெர்த்து

தம்பெரே
24 பிப்ரவரி 1984

கெர்த்து,

வெயில். கூரையிலிருந்து சொட்டுகிறது.

கேட்டபடி எழுதுகிறேன். நேற்றைய நாள்.

காலையில் காப்பி. அரிசிக் கஞ்சி, மேலே வெண்ணெய். நானே எடுத்துக்கொண்டேன். அவள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து செய்தித்தாள் படித்தாள். பேசவில்லை. மதியத்துக்குக் கையில் அவளுடைய ரொட்டி, பாலாடைக்கட்டி, அவித்த முட்டை. மாலை வேக வைத்த உருளைக்கிழங்கு, வறுத்த ஏரி மீன். மீனை மாவில் புரட்டவில்லை, வெறும் உப்பு. பீட்ரூட் ஊறுகாய். ஒரு ஜாடி கல்யா, எப்போதும் போல. எனக்கு ஊற்றிவிட்டு அவளும் குடிப்பாள். மகள் சின்ன வயசிலிருந்தே பால்தான். கல்யாவின் நிறமே அவளுக்குப் பிடிக்காது. பிறகு பெர்ரிக் கூழ். அவள் எனக்கு எதிர்ப் பக்கம் உட்காருகிறாள். மகள் நடுவில்.

ரொட்டியைப் பற்றிக் கேட்டாய். பத்து வருஷத்துக்கு முன், கொப்புளம் முதலில் வந்தபோது, அப்போதிருந்த டாக்டர் சொன்னார். இரண்டு வழி இருக்கிறது: ரொட்டியை விட்டால் மாத்திரை வேண்டாம், மாத்திரை போட்டால் ரொட்டி தின்னலாம். யோசித்துச் சொல்லுங்கள் என்றார். நான் யோசிக்கவில்லை. மாத்திரை போட்டேன்.

ரொட்டி நன்றாக இருந்தது.

தவுனோ

ஹவுகிலா
27 பிப்ரவரி 1984

தவுனோ,

கல்யாவைக் குடிக்காதே.

இந்தக் கடிதத்தைக் கையில் எடுத்த நிமிஷத்திலிருந்து ஒரு சொட்டுக்கூடக் குடிக்காதே. உன் கடிதம் வந்ததும் போன் செய்தேன். அவள் எடுத்தாள். "ஹக்கானென்" என்றாள். வெண்ணெய் மாதிரி குரல். நான் வைத்துவிட்டேன். அதனால் உனக்கு இன்னும் இரண்டு நாள் அரிக்கப் போகிறது, மன்னித்துக்கொள். என்னால் அந்தக் குரலோடு பேச முடியவில்லை.

கல்யா எதில் காய்ச்சுகிறார்கள், தவுனோ? முளைகட்டின ரையில், முளைகட்டின பார்லியில். அரைத்து வெந்நீரில் ஊறவைத்து, ஈஸ்ட் போட்டு, வடிகட்டி. அதே மால்ட் மாவைத்தான் நான் ரொட்டியிலும் போடுகிறேன். நீங்கள் எல்லோரும் அதைத் தண்ணீர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். டாக்டர் என்ன தின்கிறாய் என்று கேட்டார், என்ன குடிக்கிறாய் என்று கேட்கவில்லை. மகள் பால் குடிக்கிறவள், அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை, அதனால் யாருக்கும் தோன்றவில்லை. அந்தப் புண்ணியவதி ரையை வாசலில் நிறுத்திவிட்டு ஜாடியில் ஊற்றி மேஜைக்குக் கொண்டுவந்து உனக்குக் கொடுத்திருக்கிறாள். தினமும். தன் கையால்.

இது போன கடிதத்திலேயே இருந்தது. குவளையை இடித்துக்கொண்டோம் என்று எழுதியிருந்தாய். கை குலுக்கியதைப் படித்த கண்ணுக்குக் குவளைக்குள் என்ன இருந்தது என்று தெரியவில்லை.

அவளிடம் சொல். கெர்த்து கண்டுபிடித்தாள் என்று பெயரைச் சொல்லிச் சொல். சொன்னபோது அவள் முகம் எப்படிப் போனது என்று எனக்கு எழுது. டாக்டரிடமும் சொல், மாத்திரையைக் கூட்ட வேண்டாம் என்று.

அந்த மாத்திரை விஷயம். படித்துவிட்டு உன்மேல் எனக்கு வந்த கோபத்தை எழுத இந்தக் காகிதம் போதாது. யார் உன்னைக் கேட்டார்கள்? என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் அன்றைக்கே அடுப்பை இடித்திருப்பேன். இல்லை, இடித்திருக்க மாட்டேன், அழுது ஊரைக் கூட்டியிருப்பேன். அது உனக்குத் தெரியும், அதனால்தான் சொல்லவில்லை. பத்து வருஷம் ரத்தத்தைக் கொடுத்து என் ரொட்டியைத் தின்றிருக்கிறாய். எனக்கு அழுகை வருகிறது. கூடவே இன்னொன்றும் வருகிறது, அதையும் சொல்லிவிடுகிறேன்: அவளுடைய சோள ரொட்டிக்காக நீ ஒரு மாத்திரைகூட விழுங்கவில்லை.

கெர்த்து

தம்பெரே
19 ஆகஸ்ட் 1984

கெர்த்து,

நல்ல வெயில். இரவில் மட்டும் குளிர்.

நடுவில் அனுப்பிய அட்டைகளில் அதிகம் எழுத இடமில்லை. இப்போது எழுதுகிறேன்.

மாத்திரை இப்போது வாரத்துக்கு இரண்டு. அக்டோபரில் நிறுத்திப் பார்க்கலாம் என்கிறார் டாக்டர். முட்டி ஆறிவிட்டது. முழங்கையில் தழும்பு மட்டும். சட்டையில் கறை இல்லை. நாலு மாடியும் நிற்காமல் ஏறுகிறேன். டாக்டர் இப்போது எல்லோரிடமும் கல்யா பற்றிக் கேட்கிறாராம். "உங்க வீட்டம்மாவ நான் வேலைக்கு வச்சுக்கணும்," என்றார்.

சில்வியின் முகம் பற்றி நீ மூன்று முறை கேட்டுவிட்டாய். சொன்னபோது வெளுத்துப் போனாள். நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். ஜாடியைச் சாக்கடையில் கொட்டிவிட்டு வந்து, "உன் பொண்டாட்டி இங்க வராமலே என் மேஜைய என்னைவிட நல்லாப் பாத்திருக்கா," என்றாள். பிறகு அழுதாள்.

மகள் ஊலூவுக்குப் போகிறாள், கல்யாணம். இனி வீட்டில் குளூட்டன் ஆகாதவன் நான் ஒருவன்தான். மகள் போனதும் ரை ரொட்டி சுடுவாய்தானே, இத்தனை வருஷம் ஆசைப்பட்டாயே என்று கேட்டேன். "நீ இருக்கிறவரை சுடமாட்டேன். வேணுங்கிற வரைக்கும் இரு," என்றாள். அந்தக் கல்யாவைக்கூட ரை ருசிக்காகத்தான் காய்ச்சிக்கொண்டிருந்தாள் போல.

நம் வீட்டைப் பற்றி. உன்னை அடுப்பை அணைக்கச் சொல்லமாட்டேன். அது உன்னுடையது. டாக்டர் சொன்னார், அந்தச் சமையலறையில் மறுபடி உட்கார்ந்தால் மறுபடி மாத்திரைதான். நான் என்ன செய்வதென்று தெரியவில்லை. உனக்கு ஏதாவது தோன்றினால் எழுது.

தவுனோ

ஹவுகிலா
7 அக்டோபர் 1984

தவுனோ,

உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுதவில்லை. எழுதியிருந்தால் தப்பாக எழுதியிருப்பேன்.

"நீ இருக்கிறவரை சுடமாட்டேன்." இந்த வரியைப் படித்தபோது, கோட்டை முகர்ந்ததெல்லாம் ஒன்றுமே இல்லை என்று ஆகிவிட்டது. எவளோ ஒருத்தி உனக்காக ரையை விடுகிறேன் என்கிறாள். நான் உன்னைக் கட்டியவள், மாவுத் தூசிக்குள் நின்றுகொண்டு, என் ரொட்டி என் ரொட்டி என்று ஒரு வருஷமாகக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன். இப்படிப் பொறாமைப்பட்டதே இல்லை. அவள் அழகை நினைத்து, குரலைக் கேட்டு வந்தது வேறு. இது அவள் செய்ததை நான் செய்யவில்லையே என்கிற பொறாமை. இது சுட்டுவிட்டது.

போன வெள்ளியோடு கடைக்கு ரொட்டி கொடுப்பதை நிறுத்திவிட்டேன். மார்த்தா அழாத குறை. "உனக்கென்ன பைத்தியமா? அந்த மனுஷன் வருவானோ வரமாட்டானோ," என்றாள். "வந்தாலும் வராட்டியும் வர இடம் இருக்கணும்," என்றேன். சமையலறையின் பழைய பலகைத் தரையைப் பெயர்த்தாயிற்று. இடுக்கிலிருந்து வாளி வாளியாக மாவு வந்தது. அடுப்பை உள்ளே சுரண்டி, சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தாயிற்று. மாவுப் பலகை, சல்லடை, ரொட்டி தொங்கவிடும் கழி எல்லாம் மார்த்தா கொட்டகைக்குப் போய்விட்டது. என் உருளைக்கிழங்கு ரொட்டியை இப்போது நாய் தின்கிறது. அடுத்தது உன் முறை.

ஒன்று மட்டும் மார்த்தாவிடம் கொடுக்கவில்லை. புளிமாவுத் தொட்டி. நான் கல்யாணமாகி வந்தபோது கொண்டுவந்தது. அதை ஒருநாளும் கழுவியதில்லை, பக்கவாட்டில் காய்ந்து ஒட்டியிருக்கும் பழைய மாவில்தான் ரொட்டியைப் புளிக்கவைக்கிற உயிர். அதைத் துணியில் கட்டி நேற்று தம்பெரே பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். டிரைவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னம்மா, யாராவது தவறிட்டாங்களா?" என்று கேட்டார். பெயர்ச்சீட்டைப் பார், உன் பெயர் இல்லை. சில்வி ஹக்கானென் என்று எழுதியிருக்கிறேன்.

அவளிடம் சொல்: வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி ரை மாவைக் கரைத்து ஒரு இரவு விட வேண்டும். குமிழி விட்டு, மூக்கைச் சுளிக்க வைக்கிற வாசனை வந்தால் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். உப்பைக் கடைசியில் போட வேண்டும். ஒருநாளும் கழுவக் கூடாது.

அவளுக்கு ஆசை உன்மேலா ரை மேலா என்று எனக்கு இன்றுவரைக்கும் தெரியாது. ரை மேல் என்றால், இதோ, என்னிடம் இருந்ததிலேயே நல்லதைக் கொடுத்துவிட்டேன், நன்றாக இருக்கட்டும். உன்மேல் என்றால், நாளையிலிருந்து அவள் சமையலறையில் மாவு பறக்கும், நீ அங்கே இருக்க முடியாது. சந்தேகமென்றால் டாக்டரைக் கேள்.

கெர்த்து

தம்பெரே
16 அக்டோபர் 1984

கெர்த்து,

இங்கே மழை.

தொட்டி உடையாமல் வந்தது. சில்வி துணியை அவிழ்த்தாள், தொட்டிக்குள் தலையை விட்டு முகர்ந்தாள். கோட்டை முகர்ந்தபோது நின்றது போலவே நின்றாள். எனக்கு அப்போதுதான் புரிந்தது, அன்றைக்கு அவள் முகர்ந்தது என்னை இல்லை. அதை உனக்கு எழுத வேண்டும் என்று நினைத்தேன்.

அன்றிரவே மாவு கரைத்துவிட்டாள். என்னை அறையைவிட்டு வெளியே வர விடவில்லை, சாப்பாட்டைக் கதவு வழியாகக் கொடுத்தாள். மறுநாள் சுட்டாள். என்னால் ருசி பார்க்க முடியாது. கதவிடுக்கு வழியாக வாசனை வந்தது. உன்னுடையது போல இல்லை.

உனக்கென்று ஒரு ரொட்டியைக் கட்டிக் கொடுத்தாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வெள்ளிக்கிழமை மாலை பஸ்ஸில் வருகிறேன். கையில் யாருடைய ரொட்டியும் இருக்காது.

தவுனோ